கடைசிக் குழாயில் அளந்து பாருங்கள்

சென்னையின் குடிநீர், கழிவுநீர், வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்குக் கடனும் தொழில்நுட்பமும் தரும் ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, ஜப்பானின் ஜைக்கா உதவி நிறுவனம், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் அலுவலர்களுக்கும், நெதர்லாந்து அரசின் நீர்த் திட்டக் குழுவினருக்கும், இவர்களோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும் நம் மாநகராட்சி, குடிநீர் வாரியப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் திருவொற்றியூர், எண்ணூர், மணலி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கங்களில் குழாய், மோட்டார், கிணறு, வடிகால், கழிமுகம் என்று தண்ணீரோடு சேர்ந்த வேலை தெரிந்தவர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் அளக்கிற தண்ணீரை, வரிசையில் கடைசியாக நிற்கும் தெருக்குழாயிலும் அளக்கச் செய்யுங்கள். வடிகாலின் நீளத்தை எண்ணும்போது, அது போய்ச் சேரும் வாய்ப்பகுதியில் மழைத்தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பதையும் எண்ணுங்கள். அந்த அளவு சரியாக வந்தால்தான் அடுத்த தவணை என்று கடன் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பன்னாட்டு உதவி எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. நல்ல ஆய்வு. பழைய ஆற்றுப்படுகை மணலில் தண்ணீர் எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அது சரியாகவே கண்டுபிடித்தது. அதை வைத்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகள் வந்தன. நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் அதே மணலிலிருந்துதான் இறைத்தார்கள். யார் எவ்வளவு எடுக்கலாம், மட்டம் எந்த அளவுக்கு இறங்கினால் யார் முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அது தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். இந்தக் கணக்கு நிலத்தடி நீர் படித்த எல்லோருக்கும் தெரிந்தது. 1960களின் கடைசியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பின் எல்லை, 1980களில் மீஞ்சூர்ப் பக்கம் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. பிறகு 10 கிலோமீட்டரையும் தாண்டியது. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல்தான் வந்தது. ஒருமுறை உப்பு ஏறிய மணலைக் கழுவி எடுக்கப் பல பருவமழைகள் பிடிக்கும், அதுவும் இறைப்பது குறைந்தால்தான். தண்ணீரைக் கண்டுபிடிக்க உதவி வந்தது, அதைப் பங்கிட்டுக் காக்க எந்த ஏற்பாடும் வரவில்லை. இந்த இடைவெளியை இந்தத் தடவையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறோம்.

குழாயின் கடைசியில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். நிலையத்தில் நின்று பார்த்தால் அது தெரியாது.

புழலில் சுத்திகரித்து வெளியே அனுப்பும்போது நன்றாக இருக்கும் தண்ணீர் வழியில்தான் கெடுகிறது. எங்கள் தெருக்களில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. வரும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். இடுக்கு எங்காவது இருந்தால் நல்ல தண்ணீர் மண்ணுக்குள் கசியும். வால்வை மூடிய பிறகு குழாய் காலியாகி உள்ளே அழுத்தம் இறங்கிப்போகும். அதே இடுக்கு வழியாக, பக்கத்தில் போகும் சாக்கடைக் குழாயிலிருந்து மண்ணில் ஊறி நிற்கும் அழுக்கு உள்ளே வரும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதல் ஐந்து நிமிடம் வருவது அதுதான். அதனால்தான் வீட்டுப் பெண்கள் முதல் இரண்டு குடத்தைக் கீழே கொட்டிவிட்டு மூன்றாவதிலிருந்து பிடிக்கிறார்கள். கொட்டும் அந்த இரண்டு குடமும் உங்கள் கணக்கில் ‘வழங்கப்பட்ட குடிநீர்’ என்றே ஏறுகிறது.

அழுத்தம் குறைவதற்குக் காரணங்கள் பல. பழைய இரும்புக் குழாயின் உள்பக்கம் துரு மேடு மேடாகக் கட்டி, ஆறு அங்குலக் குழாய் நான்கு அங்குலம் போல ஆகிவிடும். பழுது பார்க்க மூடிய வால்வு பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும். தார் போட்டு ரோட்டை உயர்த்தும்போது வால்வுப் பெட்டியே புதைந்து, எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். முன்வரிசை வீடுகள் மெயின் என்கிற பெரிய குழாயிலிருந்து நேராக மோட்டார் போட்டு இழுத்தால் பின்வரிசையில் காற்றுதான் வரும். அந்த மோட்டார் இழுப்பில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, இடுக்கு வழியாகச் சாக்கடை இன்னும் வேகமாக உள்ளே போகும். கடைசியில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் ரோட்டு மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று அடி குழி வெட்டி, அங்கே குழாயை இறக்கி வைக்கிறார்கள். மழை பெய்தால் அந்தக் குழி நிரம்பி குழாயின் வாய் முங்கும். தண்ணீர் நின்றதும் குழியில் உள்ளது மெயினுக்குள் பின்வாங்கும். ஒரு குழிக் குழாய் அந்தத் தெரு முழுவதையும் கெடுத்துவிடும். குழி வெட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே அழுத்தம் இல்லை என்பதற்கு அந்தக் குழிதான் சாட்சி. குழிக் குழாய்களைத் தெருத்தெருவாக எண்ணினாலே எங்கே வேலை தேவை என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

அளக்கும் முறையும் கடினமானதில்லை. ஒவ்வொரு பகிர்மானப் பகுதியிலும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் மூன்று குழாய்களைத் தேர்ந்தெடுங்கள். அரை அங்குலக் குழாயில் திருகக்கூடிய அழுத்தமானி ஒன்றும், 20 லிட்டர் கேனும், கைக்கடிகாரமும், குளோரின் பார்க்கும் டி.பி.டி. மாத்திரைப் பெட்டியும் போதும். தண்ணீர் வந்த இரண்டாவது நிமிடத்திலும், பத்தாவது நிமிடத்திலும், நிற்பதற்குச் சற்று முன்பும் என மூன்று தடவை எடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, அதுவும் நடுநேரத்தில் எடுத்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மத்திய அரசின் 1999 குடிநீர் வழிகாட்டு நூலே, மாடி இல்லாத வீட்டுக்குக்கூட 7 மீட்டர் உயரம் தண்ணீர் ஏறும் அழுத்தம் வேண்டும் என்றது. இரண்டாவது நிமிடத்தில் குளோரின் இல்லை, பத்தாவது நிமிடத்தில் இருக்கிறது என்றால் கசிவு அந்தத் தெருவுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று தடவையும் இல்லை என்றால் கோளாறு மேலே, மெயினில். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைப் புட்டியில் 20 மில்லி தண்ணீரை நிரப்பி, வீட்டு வெப்பத்திலேயே ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்துப்போனால் மலக் கலப்பு இருக்கலாம் என்று பொருள். உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல தண்ணீர் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

லாரித் தண்ணீர் ஊற்றும் தெருத் தொட்டிகளுக்கும் இதே அளவீடு வேண்டும். 2,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால், 25 சதவீதம் சத்துள்ள பிளீச்சிங் பவுடர் 16 கிராம் போதும். கலக்கி அரை மணி நேரம் விட வேண்டும். ஆனால் திறந்து கிடந்த பழைய மூட்டைப் பவுடரில் சத்து பாதிகூட இருக்காது. அதனால்தான் போட்ட அளவை எழுதிவைத்தால் போதாது, தொட்டியின் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

கடைசியில் இருப்பவரின் இடத்தில் அளப்பது உங்கள் நாடுகளுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை. ரைன் ஆற்றில் பிரான்சின் அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்கள் உப்பைக் கொட்டியபோது பாதிக்கப்பட்டது ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்த நெதர்லாந்து தோட்டக்காரர்கள். சேதம் நடந்த இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உப்புக் குறைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. 1991-இல் சேர்த்த நெறிமுறை, ஜெர்மனி–நெதர்லாந்து எல்லையில் குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் சுரங்கம் உப்பை ஆற்றில் விடாமல் தரையில் தேக்கி வைக்க வேண்டும் என்றது. சுரங்க வாசலில் எத்தனை டன் என்பதோடு நிற்காமல், கீழே இருப்பவரின் எல்லையில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தார்கள். ரைனில் ஏற்றுக்கொண்ட முறை எண்ணூருக்கும் பொருந்தும்.

கம்போடியாவின் புனோம் பென் நகரம் இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. 1993-இல் அங்கே அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போனது. பிறகு அந்த இழப்பு 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது, நாள் முழுவதும் தண்ணீர் வந்தது, ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளிக்கொடுத்தார்கள். அதற்குப் பணமும் துணையும் கொடுத்தவர்கள் ஜப்பான், ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, பிரான்ஸ். வேலை பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைதான்: பகுதி பகுதியாகப் பிரித்து மீட்டர் வைப்பது, நள்ளிரவில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓடும் அளவைப் பார்ப்பது, அது அதிகமாக இருந்தால் வால்வை ஒவ்வொன்றாக மூடிக் கசியும் தெருவைப் பிடிப்பது. டோக்கியோவிலும் கசிவைச் சுமார் 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது இப்படித்தான். வீட்டு இணைப்பின் ஈயக் குழாய்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு போட்டதும் அதில் பெரும்பங்கு. மெயினைவிட வீட்டு இணைப்பில்தான் கசிவு அதிகம். எங்கள் தெருக்களிலும் அப்படித்தான். ஆனால் பெரிய நிலையத்துக்குக் கிடைக்கும் கடன் இந்த வேலைக்கு எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கச் செய்யுங்கள்.

அடுத்தது மழைநீர் வடிகால். கொசஸ்தலையாற்றுப் படுகைக்காக 2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 588 கிலோமீட்டர் புதிய வடிகால், அதன் ஓரத்தில் 23,000 நீர் உறிஞ்சு குழிகள் என்பது திட்டம். வடிகால் வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. எங்கே கெடும் என்று மட்டும் சொல்கிறோம்.

உறிஞ்சு குழி எல்லா மண்ணிலும் வேலை செய்யாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரப் பட்டை மணல். அங்கே தண்ணீர் நிமிடங்களில் இறங்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி மட்டமே சில அடிகளில் வந்து நிற்கும் இடங்களும் அங்கேதான். குழியின் அடி மழைக்கால நிலத்தடி மட்டத்துக்கு மேலே ஐந்து அடியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் குழிக்குள் நிற்பது நிலத்தடி நீர்தான். மேலிருந்து வருவதற்கு இடமிருக்காது. உள்ளே தள்ளிய களிமண் பாங்கான இடங்களில் குழியில் ஒரு அடி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே குழி வெட்டுவது வீண்; அந்தப் பணத்தில் பக்கத்துக் குளத்தைத் தூர்வாரலாம். குழிக்கு முன்னால் வண்டல் தங்கும் சிறு தொட்டி இல்லாவிட்டால் முதல் மழையிலேயே மேல் மணல் அடைத்துக்கொள்ளும். புரட்டாசிக்குள் மேல் அரை அடி மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். அதைச் செய்ய ஆளும் பணமும் திட்டம் முடிந்த பிறகு யார் தருவது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சாக்கடை. தொடர்ந்து மூன்று நாள் மழையில்லாத பிறகு வடிகாலைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் அது மழைநீர் இல்லை, யாரோ கழிவுநீரை இணைத்திருக்கிறார்கள். அந்த வடிகாலின் உறிஞ்சு குழி அப்படியே சாக்கடையை நிலத்தடி நீருக்குள் இறக்கும் குழாய். அந்தத் தெருவின் அடிபம்பில் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனவே மழையில்லா நாள் சோதனையில் தேறாத வடிகாலில் குழி கூடாது. முதலில் இணைப்பை வெட்ட வேண்டும், வெட்டிய வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பும் தர வேண்டும்.

வடிகாலின் வாய்க்கு வருவோம். வடிகால்கள் பக்கிங்காம் கால்வாய்க்கும் கொசஸ்தலையாற்றுக்கும் போய், அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர வேண்டும். சென்னையில் கடல் ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் எங்கள் நிலத்தின் சரிவும் அவ்வளவு குறைவு. வடிகாலின் வாய் ஓத மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஓதம் ஏறும் மணி நேரங்களில் கடல் பின்னோக்கி வரும். அதே நேரத்தில் மேலே பூண்டியும் புழலும் திறந்தால் மணலி புதுநகரும் சடையங்குப்பமும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒருவழிக் கதவு வைத்தால் பிளாஸ்டிக்கும் வண்டலும் கீலில் அடைத்து, அது பாதி திறந்தே நிற்கும். கதவோடு சேர்த்துக் குப்பை தடுக்கும் கம்பிவலையும், மின்சாரம் போனாலும் ஓடும் டீசல் பம்பும் வேண்டும். தெருத்தெருவாக வெவ்வேறு ஒப்பந்தக்காரர் கட்டும்போது மேல்பக்கம் கட்டுபவரின் வடிகால் அடிமட்டம், தண்ணீர் அடுத்துப் போக வேண்டிய வடிகாலின் அடிமட்டத்தைவிடக் கீழே போய்விடுகிறது. எல்லா அடிமட்டங்களையும் கடல் மட்டத்தை வைத்து ஒரே அட்டவணையில் வெளியிட்டால் இந்தத் தவறு கான்கிரீட் போடும் முன்பே தெரிந்துவிடும்.

கழிமுகமே தூர்ந்து கிடந்தால் இவ்வளவும் பயன் தராது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, கரையில் மண் கொட்டி, ஆழம் குறைந்த இடங்கள் எவை என்று அங்கே வலை வீசும் மீனவர்களுக்கும் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் காலடி வைத்தே தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகம் முழுவதும் எண்ணெய் படர்ந்தபோது முதலில் தொழில் இழந்தவர்களும் அவர்கள்தான். 1986-இல் சுவிட்சர்லாந்தில் ரசாயனக் கிடங்கு எரிந்து ரைனில் விஷம் கலந்த பிறகு, மேலே கசிந்தால் கீழே உள்ள எல்லா நாட்டுக்கும் உடனே செய்தி போகும் எச்சரிக்கை ஏற்பாட்டை அங்கே வலுப்படுத்தினார்கள். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே உள்ள சில கிலோமீட்டருக்கு அப்படி ஒன்று வேண்டும். வடிகால் வாய்களில் எண்ணெய் தடுக்கும் மிதவையைப் பொருத்தும் கொக்கிகளை இப்போதே கட்டி வைக்கலாம். மிதவை கிடங்கில் இருந்தும் கட்ட இடமில்லாமல் நேரம் போகக் கூடாது.

கடல்நீரைக் குடிநீராக்குவது பற்றிச் சுருக்கமாக. காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நிலையம் இருக்கிறது. வறட்சியில் அது கைகொடுத்ததை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இரண்டு மடங்குக்கும் அதிகமான கடல்நீரை இழுக்க வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும், மிச்ச உப்புநீரைக் கடலில் விட வேண்டும். அவ்வளவு செலவில் செய்த தண்ணீரைக் கசியும் குழாயில் விடுவது சரியில்லை. கொடுங்கையூரில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் திறன் இருக்கிறது. அதை முழுதாக ஓட்டி, மிச்சமாகும் நல்ல தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போனது என்று காட்டுங்கள்.

மேல்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொசஸ்தலையாறு ஆந்திரத்திலும் பாய்கிறது. அங்கே கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் தண்ணீர் பூண்டிக்கு வரும். கிருஷ்ணா நீரில் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தருவதாக 1976-இல் ஒப்புக்கொண்டன. ஆவியாகப் போவது நீங்கலாக 12 டி.எம்.சி. சென்னைக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் அது முழுதாக வந்ததில்லை. உங்கள் திட்ட அறிக்கையில் 12 என்று எழுதிக் கணக்குப் போடாதீர்கள். எல்லையில் உண்மையில் வந்த அளவை வைத்துப் போடுங்கள். அணை திறக்கும் நேரம், எண்ணூருக்கு வந்து சேரும் நேரம் இரண்டையும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே அறிவிப்பாகத் தர இரு மாநிலத்துக்கும் நீங்கள் உதவலாம்.

எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் என்று உங்கள் ஆவணங்கள் சொல்கின்றன. வீட்டு வரி ரசீது கேட்டால் வாடகைக்காரருக்கு இணைப்பு கிடைக்காது. புறம்போக்கில் இருப்பவருக்குக் கேட்கவே வழியில்லை. குடியிருப்புச் சான்றாக ரேஷன் அட்டையை ஏற்கச் செய்யுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்தால் மீன் விற்கும் பெண்கள் வர முடியாது, தண்ணீர் விடும் நேரத்தில் வைத்தால் யாராலும் வர முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால்கூட உலக வங்கியின் விசாரணைக் குழுவிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியின் பொறுப்புடைமை அமைப்பிடமும் முறையிடலாம் என்ற விதி இருக்கிறது. அந்த விதியையும் முகவரியையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ரேஷன் கடையிலும் பம்பிங் ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டுங்கள்.

மழை தொடங்கும் முன், புரட்டாசியில், முதல் கூட்டு அளவீட்டை வைத்துக்கொள்ளலாம். மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் ஒவ்வொன்றிலும் மூன்று கடைசிக் குழாய், இரண்டு வடிகால் வாய். அழுத்தமானியும் மாத்திரைப் பெட்டியும் நீங்கள் கொண்டுவாருங்கள். புதைந்த வால்வுகளும் குழிக் குழாய்களும் எங்கே என்று காட்ட நாங்கள் விடியற்காலை நாலரைக்கே தெருமுனையில் இருப்போம். தண்ணீர் வருவது அந்த நேரத்தில்தான். எடுத்த அளவை அன்றைக்கே, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அந்தந்தத் தெருவின் சுவரிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
வடசென்னையில் குழாய், கிணறு, வடிகால், கழிமுக வேலை தெரிந்தவர்கள்